டிராக்டர் இரைச்சலும் உழவரின் காதும்

அறுவடைக் காலத்தில் களத்தில் கதிரடிக்கும் இயந்திரம் பகல் முழுவதும் ஓடுகிறது. மாலையில் வீடு திரும்பும் உழவருக்குக் காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டார் பேசுவது பஞ்சடைத்தது போல மங்கலாக விழுகிறது. மறுநாள் காலையில் சரியாகிவிடுவதால் இதனை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், இது உட்காது கொடுக்கும் எச்சரிக்கையாகும். இதனை அலட்சியம் செய்தால் சில ஆண்டுகளில் நிரந்தரமாகக் காது மந்தமாகிவிடும்.

காது கேட்பது எப்படி?

ஒலி அலைகள் செவிப்பறையை அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட குழல் ஒன்று உள்ளது. நீட்டிப் பார்த்தால் இதன் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர்தான். நீர்மம் நிறைந்த இக்குழலில் உள்ள மெல்லிய சவ்வின் மீது மயிர்ச் செல்கள் வரிசை நடவு போல அமைந்துள்ளன. உள்வரிசை ஒன்றில் சுமார் 3,500 செல்களும், வெளிவரிசைகள் மூன்றில் சுமார் 12,000 செல்களும் உள்ளன.

ஒவ்வொரு செல்லின் தலையிலும் நாற்றுக் கொத்து போல நுண்மயிர்கள் நிற்கின்றன. ஒலியால் நீர்மம் அசையும்போது இவையும் சாய்ந்து நிமிர்கின்றன. சாயும்போது மயிர்களின் நுனிகளை இணைக்கும் நுண்ணிழைகள் இழுபட்டு, சிறு வாயில்கள் திறக்கின்றன. அவற்றின் வழியே பொட்டாசியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. உழவர்கள் சாம்பல் சத்து என்று அறிந்துள்ள அதே பொட்டாசியம்தான் இது. இதனால் உண்டாகும் மின்குறிப்பு நரம்பின் வழியே மூளையை அடைகிறது. உள்வரிசைச் செல்களே பெரும்பாலும் செய்தி அனுப்புகின்றன. வெளிவரிசைச் செல்கள் நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன.

கீச்சென்ற ஒலிகளைக் குழலின் வாயிற்பகுதியும், கனத்த ஒலிகளை உள்நுனியும் உணர்கின்றன. ஒலி அலை இச்சவ்வின் மீது செல்லும் முறையைக் கண்டறிந்த ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி கியோர்க் வான் பெக்கசிக்கு 1961-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பேரிரைச்சலில் நேர்வது என்ன?

மிதமான காற்றில் நெற்பயிர் அசைந்து நிமிர்கிறது. பலத்த காற்றில் பயிர் சாய்ந்துவிடுகிறது. தாள் முறியாத பயிர் சில நாட்களில் ஓரளவு எழும், முறிந்தது எழாது. மயிர்ச் செல்களின் நிலையும் இதுவே. இரைச்சல் குறைந்த நேரம் இருந்தால், ஓய்வுக்குப் பின் செல்கள் தேறிவிடும். நீடித்தால் நுண்மயிர்கள் முறிந்து, செல்லே மடிந்துபோகும். வெளிவரிசைச் செல்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. கேட்கும் திறன் முழுதும் திரும்பிய பின்னும், செல்லுக்கும் நரம்புக்கும் உள்ள இணைப்புகளில் பல அறுந்தே இருந்ததை, சுண்டெலிகளில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே, காலையில் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைவதற்கில்லை.

கோழிகளுக்கு மடிந்த மயிர்ச் செல்களுக்குப் பதில் புதியவை தோன்றுகின்றன என்று 1980-களில் கண்டறியப்பட்டது. மனிதருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிறக்கும்போது கிடைத்தவையே ஆயுள் முழுமைக்கும்.

பொதுவாக 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகளே முதலில் கேட்காமற் போகின்றன. எனவே குரல் கேட்கும், சொல் புரியாது. பெண்கள், குழந்தைகளின் பேச்சைப் புரிந்துகொள்வது கடினமாகும். என்ஜினில் ஏற்படும் புதிய சத்தமும், பின்னால் வரும் வண்டியின் ஓசையும் தெரியாமற் போவதால் விபத்துக்கும் இடமுண்டு.

எவ்வளவு நேரம் தாங்கும்?

85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பரிந்துரை. ஒலி 3 டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 88 டெசிபலுக்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு 15 நிமிடம் மட்டுமே. கூண்டு இல்லாத டிராக்டரில் அமர்ந்து ஓட்டுபவரின் காதருகே பெரும்பாலும் 90 டெசிபலுக்கு மேல் இரைச்சல் இருக்கும். கருவி இல்லாமலும் இதை அறியலாம். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே காதுக்குக் காப்பு தேவை.

பாதுகாப்பு முறைகள்

1. நுரைக் காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, விரியும் வரை விரலால் பிடிக்க வேண்டும். அல்லது காதுறை அணியலாம். வெறும் பஞ்சு போதாது.

2. ஓட்டையான சைலன்ஸரை உடனே மாற்ற வேண்டும். தளர்ந்த போல்ட், தகடுகளை முடுக்க வேண்டும்.

3. ஆயில் என்ஜினை ஆட்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும்.

4. இயந்திரத்தருகே ஆட்களை முறை மாற்றி நிறுத்த வேண்டும். குழந்தைகளை விடக் கூடாது.

5. காது இரைச்சலுக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றக் கூடாது. இரைச்சலோ மந்தமோ தொடர்ந்தால் அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென்று காது கேளாமற் போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

தேய்ந்த பேரிங்கைக் கடையில் வாங்கி மாற்றலாம். மடிந்த மயிர்ச் செல்லுக்கு மாற்று இல்லை. வரும் அறுவடைக்கு இயந்திரம் பேசி முடிக்கும்போதே, வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் காதடைப்பானும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.