கடல் வழிவிடும் நேரம்

பயணம்: கேள்வி–பதில்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். சான் ஹோசேயில் ஐ.டி. வேலை. யோசெமிட்டியில் இரண்டு முறை கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறோம். இந்தக் கோடையில் வட கலிபோர்னியாவின் 'லாஸ்ட் கோஸ்ட்' பாதையில் நடக்கப் போகிறோம். கடலோரமாகச் சமதரையில் போகிற 40 கிலோமீட்டர்தானே, நாளுக்கு 20 வீதம் இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்கிறான் ஒருவன். முடியுமா?

பதில்: அந்த நண்பருக்குக் கணக்கு நன்றாக வருகிறது. கடலை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

வடக்கே மட்டோல் கடற்கரையில் தொடங்கி, தெற்கே ஷெல்டர் கோவ் ஊரை ஒட்டிய பிளாக் சாண்ட்ஸ் பீச்சில் முடிகிற பாதை இது. ஏற்றம் அதிகம் இல்லை என்பது உண்மை. ஆனால் காலுக்கு அடியில் இருப்பது தரையே அல்ல. சில இடங்களில் கணுக்கால் வரை புதைகிற மணல். சில இடங்களில் தேங்காய் அளவு, பூசணிக்காய் அளவு உருண்டைக் கற்கள். மிதித்தால் உருளும், ஈரமாக இருந்தால் வழுக்கும். முதுகில் 15 கிலோ மூட்டையோடு இந்தக் கற்களின் மேல் மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே நல்ல நடை. இந்தப் பாதையில் பலரும் மூன்று நாள் எடுத்துக்கொள்வது சோம்பலால் அல்ல.

அதைவிடப் பெரிய தடை ஓதம். பாதையின் இரண்டு நீண்ட துண்டுகளில் ஒரு பக்கம் செங்குத்து மலை, மறுபக்கம் பசிபிக் கடல். கடல் ஏறினால் நடுவில் மனிதன் நிற்க இடமில்லை. முதல் துண்டு சீ லயன் கல்ச் என்ற ஓடையிலிருந்து ரேண்டல் க்ரீக் வரை. இரண்டாவது, மில்லர் ஃபிளாட்டுக்குத் தெற்கே தொடங்கி கிட்செல் க்ரீக் வரை. ஒவ்வொன்றும் 6, 7 கிலோமீட்டர் நீளம். மேலே ஏறித் தப்பிக்கலாம் என்றால், பல இடங்களில் பாறை உதிர்கிற சரிவுதான் இருக்கிறது.

சென்னையிலும் கடலூரிலும் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. மெரினாவில் காலையில் உட்கார்ந்த இடத்தில் மாலையிலும் உட்காரலாம். நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவுதான்; அகன்ற மணற்பரப்பு அதையும் விழுங்கிவிடும். வட கலிபோர்னியாவில் அந்த வித்தியாசம் 2 மீட்டரைத் தாண்டுகிற நாட்கள் உண்டு. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டும் ஒரே அளவில் இருப்பதுமில்லை. நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

ஆகவே திட்டத்தைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஓத அட்டவணையைப் பார்ப்பது பிசகு. அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவா ஷெல்டர் கோவுக்குத் தருகிற அட்டவணையை எடுத்து, எந்த நாட்களில் பகல் வெளிச்சத்தில் நல்ல வற்றம் வருகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகுதான் லீவு கேட்க வேண்டும். ஓதம் 3 அடிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் அந்தத் துண்டுகளில் கால் வைப்பது என்பது நடப்பவர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு.

உதாரணமாக ஒரு நாள் காலை 9 மணிக்கு வற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மணிக்கே, கடல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நுழைய வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் நடை. 9 மணிக்குத் தொடங்குபவருக்குப் பின்பாதி முழுக்கக் கடல் ஏறுமுகமாக இருக்கும். கோடையில் ஆழமான வற்றம் பெரும்பாலும் விடியற்காலையில்தான் வரும். அதனால் ஐந்து மணிக்கு எழுந்து, பனியில் நனைந்த கூடாரத்தைச் சுருட்டி, காபியைத் தியாகம் செய்துவிட்டு நடக்க வேண்டிய நாளும் வரும். உங்கள் நண்பரின் 20 கிலோமீட்டர் அங்கேதான் அடிபடும்: ஒரு துண்டைக் கடந்ததும் அடுத்த துண்டின் வாசலில் மறுநாள் வற்றம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

அட்டவணை சொல்லாத ஒன்றும் உண்டு. தொலைவில் எங்கோ புயல் கிளப்பிய பேரலை வந்தால், வற்ற நேரத்திலும் அந்தத் துண்டுகள் மூழ்கும். அலை உயர முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்க்காதவர் பாதிப் பரீட்சைக்கு மட்டும் படித்தவர். அத்துடன் இந்தக் கரையில் 'ஸ்னீக்கர் வேவ்' என்று ஒன்று: இருபது நிமிடம் சாதுவாக இருக்கும் கடல், திடீரென்று ஓர் அலையை மணலில் வெகு தூரம் அனுப்பும். நீரின் குளிர் 10, 12 டிகிரி செல்சியஸ். மூட்டையோடு விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்தும் பயனில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிற பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

வடக்கிலிருந்து தெற்காகவே நடங்கள். கோடைக்காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும். எதிர்த் திசையில் நடந்தால் மூன்று நாளும் மணல் முகத்தில்தான். காரை ஷெல்டர் கோவில் விட்டுவிட்டு, ஷட்டில் வண்டியில் மட்டோலுக்குப் போகலாம். வளைந்து நெளிந்த மலைச்சாலையில் இரண்டு மணி நேரம் ஆகும். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

கேள்வி: கலிபோர்னியாவின் ஹைவே 1 கடலை ஒட்டியே போகும் என்பார்கள். வரைபடத்தில் பார்த்தால் இந்த இடத்தில் மட்டும் சாலை உள்ளே ஓடிவிடுகிறதே, ஏன்?

பதில்: மலை விடவில்லை. ராக்போர்ட் அருகே கடலை விட்டு விலகும் ஹைவே 1, லெகெட்டில் 101ஆம் நெடுஞ்சாலையோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. இங்குள்ள கிங் மலைத்தொடரின் உச்சி 1,246 மீட்டர். அது கடலிலிருந்து 5 கிலோமீட்டர் தூரத்தில்தான் நிற்கிறது. அவ்வளவு செங்குத்தான, எந்நேரமும் சரிகிற மலையில் சாலை வெட்ட முடியாதென்று கைவிட்டார்கள். சாலை தொலைத்த இந்தக் கரைக்கு 'லாஸ்ட் கோஸ்ட்' என்ற பெயர் நிலைத்தது.

மலை ஏன் இப்படி? பசிபிக், வட அமெரிக்கா, கோர்டா என்று மூன்று புவித்தட்டுகள் மெண்டோசினோ முனைக்கு அருகில் முட்டிக்கொள்கின்றன. நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. 1992 ஏப்ரல் 25 அன்று 7.2 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, கரையின் ஒரு பகுதி ஒரே வீச்சில் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. பாறையில் ஒட்டிக்கொண்டு ஓத நீரை நம்பி வாழ்ந்த சிப்பிகளும் பாசிகளும் வெயிலில் காய்ந்து செத்தன. 2024 டிசம்பர் 5 அன்று கடலுக்குள் 7.0 அளவில் மறுபடி ஒன்று; சுனாமி எச்சரிக்கை கொடுத்துப் பிறகு விலக்கிக்கொண்டார்கள். நடக்கும்போது நிலம் பலமாக ஆடினால் செல்போனைத் தேட வேண்டாம், அங்கே சிக்னலே கிடையாது. மூட்டையைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள்.

முடிகிற இடத்துக் கருமணலை எரிமலைச் சாம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை; மலையிலிருந்து உருண்டு வந்து கடல் அரைத்த கரும்பாறை அது.

கேள்வி: பாதையில் கலங்கரை விளக்கம் ஒன்று பாழடைந்து கிடக்கிறதாமே?

பதில்: புன்டா கோர்டா. மட்டோலிலிருந்து சுமார் 5.5 கிலோமீட்டர். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார ஏற்ற இடம், அங்குள்ள குடித்தனக்காரர்கள் அனுமதித்தால். யானை சீல்கள்தான் இப்போதைய குடித்தனம். டன் கணக்கில் எடையுள்ள ஆண் சீல் மணலில் மரக்கட்டை போலக் கிடக்கும். கிட்டே போனால்தான் கட்டை கண் திறக்கும். சுற்றிப் போங்கள்.

இந்தக் கரை கப்பல்களை நிறையவே தின்றிருக்கிறது. 1907 ஜூலையில் ஷெல்டர் கோவுக்கு அப்பால், மூடுபனி இரவில், கொலம்பியா என்ற பயணிகள் கப்பல் மரம் ஏற்றிவந்த சான் பெட்ரோவோடு மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 88 பேர் இறந்தார்கள். எடிசனின் மின்விளக்குகளை 1880இலேயே பொருத்திக்கொண்ட கப்பல் அது. அவ்வளவு வெளிச்சத்தோடு வந்தது பனிக்குள் காணாமல் போனது.

புன்டா கோர்டா விளக்கு 1912இல் ஏற்றப்பட்டு 1951இல் அணைக்கப்பட்டது. சாலை கிடையாது, சாமான்கள் குதிரை மேல் வர வேண்டும், மழைக்காலத்தில் ஓடைகள் பெருகினால் அதுவும் நிற்கும். சிறைத்தீவின் பெயரால் 'கலங்கரை விளக்கங்களின் அல்கட்ராஸ்' என்று பெயர் வாங்கிய இடம். நம்மூரில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவேன் என்பார்களே, அதுபோல. இப்போது குட்டையான கான்கிரீட் கோபுரமும் எண்ணெய் வைத்திருந்த அறையும் மட்டும் மிச்சம்.

கேள்வி: புளியோதரை, இட்லி, மிளகாய்ப்பொடி எடுத்துப் போகலாமா? கரடி வருமா?

பதில்: புளியோதரை முதல் நாளுக்கு அருமை. கரடிக்கும் அதே கருத்துதான்.

கருங்கரடிகள் இங்கே கடற்கரைக்கே இறங்கி வரும். உணவைக் கடினமான 'பேர் கேனிஸ்டர்' டப்பாவுக்குள் வைப்பது இங்கே கட்டாயம். பையில் கட்டி மரத்தில் தொங்கவிடுவது செல்லாது. மணம் உள்ள எல்லாமே டப்பாவுக்குள் போக வேண்டும்: பற்பசை, சன் ஸ்கிரீன், லிப் பாம், பொடி குழைத்த நல்லெண்ணெய் பாட்டிலும் சேர்த்து. டப்பா சின்னது என்பதுதான் தொல்லை. நான்கு பேரும் மேசையில் எல்லாவற்றையும் பரப்பி ஒருமுறை அடைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அவல், சத்துமாவு, வறுத்த வேர்க்கடலை, உலர்பழம் இடத்தை அடைக்காது. கருவாடு வேண்டவே வேண்டாம்.

குடிநீருக்கு ஓடைகள் உண்டு, வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். கரை மேட்டுப் புல்லில் உண்ணி, தொட்டால் அரிக்கும் பாய்சன் ஓக் செடி; மிதவைக் கட்டைகளுக்கு அடியில் விரியன் இனப் பாம்பும் இருக்கலாம். மலம் கழிக்க? கூச்சமில்லாமல் கேட்க வேண்டிய கேள்வி. ஓதம் எட்டும் ஈரமணலில் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறார்கள். காகிதம் பையில் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

கேள்வி: பெர்மிட் கிடைப்பது கஷ்டமா?

பதில்: கோடை வார இறுதிக்குக் கஷ்டம்தான். மே 15 முதல் செப்டம்பர் 15 வரை நாளுக்கு 60 பேர், மற்ற காலத்தில் 30 பேர். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிய வேண்டும். இடம் காலியாக இருக்கிறதே என்று மழைக்காலத்தில் போகாதீர்கள். இந்த மலைகளின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டர் மழை கொட்டும். கோடையில் செருப்போடு தாண்டும் ஓடை அப்போது ஆளை இழுத்துப் போகும்.

கேள்வி: கோவையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். நாங்கள் நடக்கிற மூன்று நாளும் அவர்கள் என்ன செய்வார்கள்?

பதில்: உங்களைவிட வசதியாக இருப்பார்கள். கூட ஒருவர் கார் ஓட்டினால் போதும். 101ஐ ஒட்டி 'அவென்யூ ஆஃப் தி ஜயண்ட்ஸ்' என்று 50 கிலோமீட்டர் பழைய சாலை, ரெட்வுட் மரங்களுக்கு நடுவே ஓடுகிறது. அதில் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற சோலையில் சமதரையாகச் சிறு சுற்றுப்பாதை. முட்டிவலி உள்ளவரும் நடக்கலாம். 110 மீட்டர் அளவு உயர்ந்து நின்று 1991இல் சாய்ந்த டயர்வில் மரம் அங்கேயே கிடக்கிறது. அதன் வேர்ப்பக்கத்தில் அப்பாவை நிறுத்திப் படம் எடுத்தால், அப்பாவைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரு நாள் ஃபெர்ன்டேல். விக்டோரியா காலத்து வண்ண வீடுகள் உள்ள சிற்றூர். கடைசி நாள் ஷெல்டர் கோவ். மெண்டோசினோ முனையில் 1868இல் ஏற்றப்பட்ட விளக்கத்தின் கூண்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பூங்காவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

பெற்றோரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடல் ஏறி நின்றால் நீங்கள் அரை நாள் தாமதமாக வரலாம், போனும் எடுக்காது. எங்கெங்கே தங்குகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணி தாண்டினால் ஹம்போல்ட் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். அந்த நேரத்துக்கு முன்னால் கூப்பிட வேண்டாம் என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் எழுதவும்.