முன் சீட்டில் அம்மா: கார் பயணத்தைப் படமெடுக்கும் முறை

சென்னையிலிருந்து மதுரைக்கு அம்மாவோடு காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோயில் வாசலில் வரிசையாக நின்று எடுத்த படம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வழியில் கழியும் அந்த ஏழெட்டு மணி நேரத்தைத்தான் யாரும் எடுப்பதில்லை. அதற்குப் பெரிய கேமரா வேண்டாம், கையிலிருக்கும் போன் போதும்.

முதலில் ஸ்டியரிங்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஓட்டிக்கொண்டே எடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது உட்காரும் இடம். அம்மா முன்னால் இடது சீட்டில், நீங்கள் டிரைவருக்குப் பின்னால். விடிகாலையில் கிளம்பினால் தெற்கே போகும் வண்டிக்கு வெயில் இடப்பக்கம் இருக்கும். அம்மாவின் நெற்றியிலும் மூக்கிலும் கோடு இழுத்தாற்போல் வெளிச்சம் விழும். ஜன்னல் பளிச்சென்று இருப்பதால் போன் தானாகவே முகத்தைக் கறுப்பாக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரல் வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் இந்த வெளிச்சம் கிடைக்காது. விழுப்புரம் தாண்டும்வரைதான் நல்ல நேரம்.

லென்ஸைத் துடையுங்கள். பிளாஷையும் கிளிக் சத்தத்தையும் அணைத்துவிடுங்கள். சத்தம் கேட்டால் அம்மா பொட்டைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார். வைடு லென்ஸும் வேண்டாம், ஓரத்தில் இருக்கும் முகத்தை இழுத்துக் கோணலாக்கும்.

ஜன்னல் வழியே வெளியே எடுப்பதானால் போனைக் கண்ணாடிக்கு மிக அருகில் பிடியுங்கள், பிரதிபலிப்பு குறையும். பக்கத்து மரங்கள் கலங்கித்தான் விழும். மதுராந்தகம் ஏரி மாதிரி தூரத்தில் விரிந்திருப்பது தெளிவாக வரும்.

இனி எதை எடுப்பது? அம்மா எப்போது என்ன செய்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதுதான் உங்கள் பலம். சமயபுரம் நெருங்கினால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கொள்ளிடம் பாலம் வந்ததும் வலப்பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைத் தேடுவார். 1987இல் கட்டி முடித்த 236 அடி கோபுரம் எத்தனையோ காலண்டரில் இருக்கிறது, அதை விடுங்கள். கும்பிட அவர் வலப்பக்கம் திரும்பும்போது முகம் உங்கள் பக்கம் வரும். பாலம் ஏறுமுன்பே, அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும் பர்ஸ்ட் முறையில் தயாராக இருந்து, பட்டனை விடாமல் அழுத்துங்கள். கண் மூடாத படம் ஒன்றாவது தேறும்.

வண்டி நின்ற இடங்களில் கைகளைக் கவனியுங்கள்: புளியோதரைப் பொட்டலத்தின் நூலைப் பிரிப்பது, டவராவில் காபி ஆற்றுவது, நுங்குக்காரரிடம் பேரம் பேசும்போது நீளும் விரல். கிட்டப் போய், முகமே இல்லாமல் எடுத்தாலும் அது அம்மா என்று தெரியும்.

"என்னைப் போய் எதுக்குடா எடுக்குற?" என்று ஒருமுறையாவது கேட்பார். வாதாடாதீர்கள். போனை அவர் கையில் கொடுத்து, பிடித்ததை எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் உங்களைத்தான் எடுப்பார், படம் நடுங்கியிருந்தாலும் அழிக்க வேண்டாம். வாய் திறந்து தூங்கும் படத்தை மட்டும் அவரிடம் கேட்காமல் குடும்பக் குழுவில் போடக் கூடாது. வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் நல்லதாகச் சிலவற்றைப் பொறுக்கி, ஸ்டுடியோவில் 4x6 அளவில் பிரிண்ட் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, தெளிவு குறையும்.