கிளவுட் ஸ்டோரேஜில் உள்ள பைல்களைப் பட்டியலிடுவது எப்படி?

கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் எத்தனை பைல்கள் உள்ளன என்று பார்ப்பது மிக எளிது. விண்டோஸ் எக்ஸ்புளோரரில் அந்த போல்டரைத் திறந்தால் போதும். கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் எண்ணிக்கை காட்டப்படும். அதை நாம் சந்தேகப்படுவதில்லை. ஆனால் பைல்கள் நம் கம்ப்யூட்டரில் இல்லாமல், இன்டர்நெட் வழியாக எங்கோ உள்ள சர்வரில் இருந்தால்? அங்கிருந்து கிடைக்கும் பட்டியலையும் இதே போல நம்பிவிடலாமா?

நான் நம்பினேன். இன்ஜினியரிங் முடித்து, சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தும் நம்பினேன். அதனால் எங்கள் குடும்பத்தின் 274 புகைப்படங்கள் அழிந்து போக இருந்தன. இன்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலர், முதல் வாரத்திலேயே கிளவுட் ஸ்டோரேஜில் படங்களைச் சேமிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எனவே அங்கே பட்டியல் எப்படிக் கிடைக்கிறது என்று இங்கு பார்ப்போம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். உங்களுக்கான பகுதி கடைசியில் உள்ளது.

போல்டர் இல்லாத குடோன்

பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களில் உள்ள இடத்தை நாம் பைல்களைச் சேமிக்கத் தருவதையே கிளவுட் ஸ்டோரேஜ் என்கிறோம். புரோகிராமர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒன்று அமேசான் நிறுவனத்தின் எஸ்3. இது 2006 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அறிமுகமானது. சிம்பிள் ஸ்டோரேஜ் சர்வீஸ் என்பதில் மூன்று சொற்களும் எஸ் எழுத்தில் தொடங்குவதால் இந்தப் பெயர். 2016 முதல் இதற்கு மும்பையிலும் ஒரு மையம் உள்ளது.

எஸ்3-இல் முதலில் ஒரு பக்கெட் உருவாக்க வேண்டும். அதற்குள் நாம் அனுப்பும் ஒவ்வொரு பைலும் ஆப்ஜெக்ட் எனப்படுகிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அதனை கீ என்கிறார்கள்.

பக்கெட்டை ஒரு பெரிய குடோனாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அறைகளும் இல்லை, அலமாரிகளும் இல்லை. மூட்டைகள் மட்டுமே உள்ளன. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பெயர்ச் சீட்டு ஒட்டப்பட்டுள்ளது. ஒரு சீட்டில் "டூர்/ஊட்டி/படம்1" என்று இருந்தால், டூர் என்று ஒரு போல்டரும் அதனுள் ஊட்டி என்று இன்னொரு போல்டரும் இருப்பதாக நமக்குத் தோன்றும். சாதாரண எஸ்3 பக்கெட்டில் அப்படி எதுவும் கிடையாது. நடுவில் உள்ள சாய்வுக்கோடும் அந்தப் பெயரில் உள்ள ஓர் எழுத்துதான்.

பட்டியலைக் கேட்பது எப்படி?

ஏ.பி.ஐ. என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் வேலை வாங்குவதற்காக வகுக்கப்பட்ட முறை இது. மவுஸும் மெனுவும் மனிதர்களுக்கு, ஏ.பி.ஐ. புரோகிராம்களுக்கு.

எஸ்3-இல் பட்டியல் தருவதற்கான கட்டளையின் பெயர் லிஸ்ட் ஆப்ஜெக்ட்ஸ் வி2. பக்கெட்டின் பெயரைச் சொல்லி இந்தக் கட்டளையை அனுப்பினால், ஆப்ஜெக்டுகளின் பெயர்கள், ஒவ்வொன்றும் எத்தனை பைட், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது ஆகிய தகவல்கள் கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை கேட்டால் அதிகபட்சம் 1,000 பெயர்கள் மட்டுமே கிடைக்கும். பக்கெட்டில் 50 லட்சம் ஆப்ஜெக்டுகள் இருந்தாலும் முதல் பதிலில் 1,000-க்கு மேல் வராது. மேக்ஸ் கீஸ் என்ற செட்டிங் மூலம் இந்த எண்ணிக்கையைக் குறைக்கலாம். கூட்ட முடியாது.

இது குறையல்ல. கோடிக்கணக்கான ஆப்ஜெக்டுகள் உள்ள பக்கெட்டுகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பதிலில் அனுப்பினால் வாங்கும் கம்ப்யூட்டரின் மெமரி தாங்காது. நடுவில் இன்டர்நெட் இணைப்பு துண்டிக்கப்பட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதிருக்கும்.

மேலும், மீதி இருப்பதை எஸ்3 மறைப்பதும் இல்லை. பதிலிலேயே இரண்டு தகவல்களைத் தருகிறது. முதலாவது, இஸ் ட்ரங்கேட்டட். பட்டியல் பாதியில் நிறுத்தப்பட்டதா என்பதற்கு ட்ரூ அல்லது பால்ஸ் என்று பதில் சொல்லும். இரண்டாவது, நெக்ஸ்ட் கன்டினியுவேஷன் டோக்கன். மீதியைக் கேட்க வரும்போது இந்த டோக்கனைக் காட்ட வேண்டும். குடோன் கணக்குப்பிள்ளை 1,000 பெயர்களைப் படித்துவிட்டு, "மீதி வேண்டுமென்றால் இந்தச் சீட்டைக் கொண்டு வாங்க" என்று கையில் தருவது போல.

நான் செய்த தவறு

2022 ஆம் ஆண்டு ஊரில் அப்பாவின் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் பழுதானது. அதிலிருந்த படங்களை எஸ்3-இல் ஏற்கெனவே நான் பேக்கப் எடுத்திருந்ததால் யாரும் பதறவில்லை. புதிய ஹார்ட் டிஸ்க் போட்டு, பைதான் மொழியில் சிறிய புரோகிராம் ஒன்று எழுதினேன். பட்டியலைக் கேட்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு பைலையும் டவுன்லோட் செய்ய வேண்டும். அவ்வளவுதான். முடிவில் 1,000 பைல்கள் இறக்கப்பட்டதாகத் திரையில் செய்தி வந்தது.

"எல்லாம் வந்துருச்சாடா?" என்று அப்பா கேட்டார். "வந்துருச்சுப்பா" என்றேன். அவ்வளவு முழுமையான எண் எப்படி வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

படங்களை வேறொரு சேவைக்கு மாற்றும் எண்ணம் எனக்கு இருந்தது. பழைய பக்கெட்டுக்கு மாதாமாதம் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று அதை அழிக்க இன்னொரு புரோகிராம் எழுதினேன். பட்டியலைக் கேட்டு, அதிலுள்ளவற்றை அழித்து, கடைசியில் பக்கெட்டையும் அழிக்க வேண்டும். ஆப்ஜெக்டுகள் அழிந்தன. ஆனால் பக்கெட் அழியவில்லை. "பக்கெட் நாட் எம்ப்டி" என்ற பிழைச் செய்தி வந்தது. உள்ளே ஏதாவது இருந்தால் எஸ்3 பக்கெட்டை அழிக்க விடாது.

எல்லாவற்றையும்தான் அழித்துவிட்டோமே, இன்னும் என்ன இருக்கிறது என்று எரிச்சலுடன் மீண்டும் பட்டியலைக் கேட்டேன். 274 பெயர்கள் வந்தன. முதல் 88 படங்கள் வால்பாறை டூரில் எடுத்தவை. மீதி 186 படங்களும் "தாத்தா" என்று தமிழில் தொடங்கின.

அவை அத்தை வீட்டு ஆல்பத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். 2013-இல் அப்பா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அத்தை வீட்டில் தண்ணீர் புகுந்து அந்த ஆல்பம் வீணாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கும் போன பிறகு அந்த 186 படங்களும் உலகில் இருந்த ஒரே இடம், நான் அழிக்க முயன்ற அந்த பக்கெட்.

உடனே 274 படங்களையும் இறக்கி இரண்டு இடங்களில் காப்பி செய்தேன். மாலையில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் கேட்டப்பவே எண்ணிப் பார்த்திருக்கலாமேடா" என்றார்.

தமிழ்ப் பெயர்கள் ஏன் கடைசியில் வந்தன?

சாதாரண பக்கெட்டில் பட்டியல் தேதி வரிசையில் வருவதில்லை. பெயரின் யூடிஎப்-8 பைட் மதிப்பு வரிசையில் வருகிறது. முதலில் எண்கள், பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், அடுத்து ஆங்கிலச் சிறிய எழுத்துகள். தமிழ் எழுத்துகளின் மதிப்பு இவற்றைவிட அதிகம். எனவே தமிழில் பெயரிட்ட பைல்கள் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். முதல் 1,000 பெயர்களுடன் நிறுத்திவிடும் புரோகிராமில், முதலில் விடுபடுவது நம் தமிழ்ப் பைல்களே.

யூடிஎப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழுக்கு மெய்ப்புள்ளி, துணைக்கால் உட்பட ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் தேவை. "தாத்தா" என்ற சொல் 18 பைட் எடுத்துக்கொள்ளும். எஸ்3-இல் ஒரு பெயர் 1,024 பைட் வரை இருக்கலாம் என்பதால் தமிழில் பெயரிட எந்தத் தடையும் இல்லை. தமிழிலேயே பெயரிடுங்கள். பட்டியலை மட்டும் முழுமையாக வாங்குங்கள்.

சரியான வழி

புரோகிராம் எழுதுபவர்கள் கீழ்க்கண்டவாறு செய்திடவும்.

1. கணக்கிற்கு ஒரு காலிப் பட்டியலை உருவாக்கிக்கொள்ளவும்.
2. பக்கெட் பெயருடன் லிஸ்ட் ஆப்ஜெக்ட்ஸ் வி2 கட்டளையை அனுப்பவும்.
3. கிடைத்த பெயர்களை உங்கள் பட்டியலில் சேர்க்கவும்.
4. இஸ் ட்ரங்கேட்டட் மதிப்பைப் பார்க்கவும். ட்ரூ என்றால், பதிலில் வந்த டோக்கனுடன் மீண்டும் அதே கட்டளையை அனுப்பி 3-ஆம் படிக்குச் செல்லவும்.
5. பால்ஸ் என்றால் பட்டியல் முடிந்தது. இப்போதுதான் எண்ண வேண்டும்.

1,000-க்குக் குறைவாக வந்தால் முடிந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. 1,000 என்பது உச்ச வரம்பு மட்டுமே. மீதி இருக்கும்போதும் குறைவாக வரலாம். முடிந்ததா என்பதை 4-ஆம் படியில் உள்ள பதில்தான் சொல்ல வேண்டும்.

பைதான் பயன்படுத்துபவர்களுக்கு போட்டோ3 லைப்ரரியில் பேஜினேட்டர் என்ற வசதி உண்டு. டோக்கன் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அமேசானின் கமாண்ட் லைன் புரோகிராமில் உள்ள எல்எஸ் கட்டளையும் எல்லாப் பக்கங்களையும் தானே கேட்டு வாங்கும். அதனுடன் ரிகர்சிவ், சம்மரைஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களைச் சேர்த்தால் கடைசியில் மொத்த எண்ணிக்கையும் மொத்த அளவும் கிடைக்கும்.

தேவையானதை மட்டும் கேட்க

ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியல் தேவைப்படாது. ப்ரீபிக்ஸ் என்ற இடத்தில் "டூர்/" என்று கொடுத்தால், அவ்வாறு தொடங்கும் பெயர்கள் மட்டும் கிடைக்கும். டீலிமிட்டர் என்ற இடத்தில் சாய்வுக்கோட்டைக் கொடுத்தால், அதுவரை ஒரே மாதிரி உள்ள பெயர்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, போல்டர் பட்டியல் போலக் கிடைக்கும். பிரவுசரில் எஸ்3 பக்கெட்டைத் திறந்தால் போல்டர்கள் தெரிவது இப்படித்தான். அந்தப் பக்கத்தில் "கிரியேட் போல்டர்" கிளிக் செய்தால், பெயரின் முடிவில் சாய்வுக்கோடுள்ள 0 பைட் ஆப்ஜெக்ட் ஒன்று உருவாகும். எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடுதலாக வந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்தப் பக்க முறை எஸ்3-இல் மட்டும் இல்லை. மைக்ரோசாப்ட் அஸூர் பிளாப் ஸ்டோரேஜ் ஒருமுறைக்கு 5,000 பெயர்கள் வரை தந்து, நெக்ஸ்ட் மார்க்கர் என்ற குறியீட்டையும் தரும். கூகுள் டிரைவ் ஏ.பி.ஐ. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 100 பைல்கள் வரை தந்து, நெக்ஸ்ட் பேஜ் டோக்கன் தரும். பெயர்கள் வேறு, முறை ஒன்றுதான்.

புரோகிராம் எழுதாதவர்களுக்கு

பிரவுசரில் கூகுள் டிரைவ் திறந்தாலும் இதே விஷயம்தான். பைல்கள் அதிகம் உள்ள போல்டரில் முதலில் ஒரு பகுதி மட்டுமே தெரியும். கீழே நகர்த்த நகர்த்த மீதி வந்து சேரும். எனவே கீழ்க்கண்டவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

1. கிளவுடுக்கு அனுப்பும் முன், உங்கள் கம்ப்யூட்டரில் அந்த போல்டரின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். பைல்களின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கவும்.
2. கிளவுடிலிருந்து இறக்கிய பிறகு மீண்டும் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து, நோட்டில் உள்ள எண்ணுடன் ஒப்பிடவும்.
3. 100, 1,000, 5,000 போன்ற முழு எண் வந்தால் கூடுதலாகச் சந்தேகப்படவும்.
4. பட்டியலில் கடைசியாக உள்ள பைல்கள் சிலவற்றைத் திறந்து பார்க்கவும். தமிழில் பெயரிட்டவற்றைக் கட்டாயம் பார்க்கவும்.
5. இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே கிளவுடில் உள்ளதை அழிக்கவும். முக்கியமான படங்களுக்கு எப்போதும் இன்னொரு காப்பி இருக்கட்டும்.

எஸ்3 பயன்படுத்துபவர்கள் பக்கெட் செட்டிங்ஸில் வெர்ஷனிங் வசதியை இயக்கி வைக்கலாம். அதன் பிறகு சாதாரணமாக டெலீட் செய்தாலும் பழைய பதிப்பு உள்ளேயே இருக்கும். அதை மீட்டு எடுக்கலாம். ஆனால் அந்தப் பழைய பதிப்புக்கும் இடக் கட்டணம் உண்டு என்பதை நினைவில் கொள்ளவும்.

இப்போது ஊருக்குப் போனால் அப்பாவின் மேஜையில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு போல்டரின் பெயருக்கும் எதிரே ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறார். தாத்தா என்பதற்கு எதிரே 186. பேக்கப் எடுக்கும் நாளில் நான் கம்ப்யூட்டரில் எண்ணைச் சொல்ல, அவர் நோட்டைப் பார்த்துச் "சரி" என்பார். அதன் பிறகுதான் அடுத்த போல்டருக்குப் போகிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டை இன்றே தொடங்கிவிடுங்கள்.