இருப்புக் கணக்கில் அளவு மாற்றம்

தமிழ்நாட்டில் முற்காலத்தில் நெல்லை முகத்தலளவையாலேயே கணக்கிட்டு வந்தனர். 8 படி கொண்டது ஒரு மரக்கால். 12 மரக்கால் கொண்டது ஒரு கலம். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தபடியால், ஓரூர்க் கலமும் மற்றோரூர்க் கலமும் ஒன்றாயிருக்கவில்லை. நிறுத்தலளவையிலும் அவ்வாறே. சென்னை மணங்கு 8 வீசை, அதாவது ஏறக்குறைய 11 கிலோ. 40 சேர் கொண்ட மற்றொரு மணங்கோ 37 கிலோவுக்கு மேற்பட்டது. இவற்றை ஒழுங்கு செய்யும்பொருட்டு 1956-ஆம் வருஷத்தில் எடை, அளவைச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாய் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் குழப்பம் முற்றிலும் நீங்கியதென்று சொல்வதற்கில்லை. படி இருந்த இடத்தில் இப்பொழுது மூட்டை வந்து அமர்ந்திருக்கிறது.

மூட்டை என்பது உண்மையில் ஓர் அளவையன்று. அது ஒரு பை. சர்க்காரின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைக்கு 40 கிலோ. வியாபாரத்தில் 75 கிலோ பிடிக்கும் மூட்டையும் உண்டு. 'ஏக்கருக்கு 30 மூட்டை' என்று ஒருவர் சொன்னால், அது முதற்கணக்கில் ஹெக்டேருக்கு 2,965 கிலோ. இரண்டாங்கணக்கில் 5,560 கிலோ. ஒன்று சாதாரண விளைச்சலுக்கும் குறைந்தது, மற்றொன்று நல்ல மகசூல்.

கூட்டுறவுச் சங்கங்களும் அரிசி ஆலைகளும் பெரிய பண்ணைகளும் இக்காலத்தில் இருப்புக் கணக்கைக் கம்ப்யூட்டர் மென்பொருளில் வைத்து வருகின்றன. அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் ஆதார அளவு குறிக்கப்படும். வாங்குவது மூட்டையிலும் விற்பது கிலோவிலுமாக இருக்கலாம். இரண்டையும் இணைப்பது மாற்று எண். அவ்வெண் சரியானதா என்று மென்பொருள் ஆராய்வதில்லை. கொடுத்ததைக் கொண்டு பிழையறப் பெருக்கிவிடும். ஆகையால் தவறும் பிழையறவே பெருகும்.

யூரியாவை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். முன்பு 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018-ஆம் வருஷத்தில் 45 கிலோவாயிற்று. ஒரு சங்கத்தின் கம்ப்யூட்டரில் பழைய எண்ணே நின்றுவிட்டதென்று கொள்வோம். 400 மூட்டை வந்திறங்கினால் புத்தகத்தில் 20,000 கிலோ ஏறும். கிடங்கில் இருப்பதோ 18,000 கிலோ. மூட்டையாகவே விற்றுத் தீர்த்தால் பிழை வெளிப்படாது. பிரித்துச் சில்லறையாய்க் கிலோக் கணக்கில் விற்கும்பொழுதுதான் 2,000 கிலோ குறைவு தோன்றும். ஒரு மணியும் களவு போகவில்லை. ஆயினும் பழி கிடங்குக் காப்பாளர் தலையில் விழும். தணிக்கைக்கு முன்பே மாற்று எண்ணைப் பார்ப்பது அவருக்கும் நல்லது, சங்கத்துக்கும் நல்லது.

பழைய எண்ணை அழித்து அதன்மேல் 45 என்று எழுதிவிடுதல் நன்றன்று. பல மென்பொருள்களில் அவ்வாறு செய்தால் முன் வருஷத்து வரவு செலவும் கலைந்துபோகும். 45 கிலோ மூட்டையைப் புதிய அளவாகப் பதிந்து, பழைய இருப்புத் தீரும்வரை இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். குடியானவருக்கும் இதில் கவனிக்கத்தக்கது உண்டு. யூரியாவில் தழைச்சத்து 46 சதவிகிதம். பழைய மூட்டையில் 23 கிலோ இருந்தது, புதியதில் 20.7 கிலோவே உண்டு. வழக்கம்போல ஏக்கருக்கு இரண்டு மூட்டை இடுபவர் 4.6 கிலோ குறைவாய் இடுகிறார்.

முகத்தலளவையை நிறுத்தலளவையாக்குங்கால் எல்லாத் தானியத்துக்கும் ஒரே எண் உதவாது. ஒரு லிட்டர் அரிசி ஏறக்குறைய 800 கிராம் நிற்கும். உமியோடு கூடிய நெல் 600 கிராமுக்குள் அடங்கும். அந்தந்தச் சரக்கைப் பலமுறை முகந்து நிறுத்துச் சராசரி காண்பதே தக்கது.

ஈரம் காய்வதனால் உண்டாகும் எடைக் குறைவை மாற்று எண்ணுக்குள் புகுத்தலாகாது. 22 சதவிகித ஈரமுள்ள 10,000 கிலோ நெல்லில் உலர்பொருள் 7,800 கிலோ. 17 சதவிகிதத்துக்கு உலர்த்தினால் அந்நெல்லே 9,398 கிலோவாகும். குறைந்த 602 கிலோவை உலர்த்தற் கழிவென்று தனியே பற்றெழுத வேண்டும். 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கலரிசி 68 கிலோ என்னும் சர்க்கார் அரைவைக் கணக்கும் உற்பத்தியைச் சேர்ந்ததே. கிலோவுக்கும் மூட்டைக்கும் உள்ள மாற்றத்தைப்போல் அதைக் கருதுவது தவறு.

கிராம அதிகாரிகள் நிலப்பரப்பை மாற்றும்பொழுது ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்று வாய்க்கணக்காய்ப் போடுவதுண்டு. சரியான எண் 2.471. ஒரு வயலுக்கு இதனால் பெரிய தீங்கில்லை. 2,000 ஏக்கர் சாகுபடியுள்ள கிராமத்திலோ 809 ஹெக்டேர் 800 ஆகிவிடுகிறது. விடுபட்ட 9 ஹெக்டேர் யாரோ சில குடியானவருடைய பயிர். ஏக்கரை 0.4047 என்னும் எண்ணால் பெருக்கி, பின்னத்தை வயல்தோறும் தள்ளாமல், மொத்தம் கூட்டிய பின்னரே முழு எண்ணாக்க வேண்டும்.