குவாங்சௌ நகரில் அயல்நாட்டார்

சீன நாட்டின் தென்பகுதியில், முத்தாற்றின் கரையில் குவாங்சௌ என்னும் பெருநகர் அமைந்துள்ளது. ஐரோப்பியர் இதனைக் காண்டன் என்று வழங்கினர். கடல்வழி வந்த அயல்நாட்டார்க்கு இந்நகர் ஆயிரம் ஆண்டுகட்கும் மேலாகச் சீனத்தின் தலைவாயிலாய் விளங்கிற்று. தாங் மரபினர் ஆண்ட காலத்திலேயே (கி. பி. 618 - 907) அராபியரும் பாரசீகரும் இங்கே தமக்கெனத் தனிக் குடியிருப்புக் கொண்டு வாழ்ந்தனர்.

பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. 1757-ஆம் ஆண்டு சியான்லுங் பேரரசர், மேலைநாட்டுக் கப்பல்கள் குவாங்சௌ ஒன்றிலன்றி வேறு துறைமுகங்களில் வாணிகம் செய்தலாகாது என ஆணையிட்டார். தேயிலையும் பட்டும் பீங்கானும் வேண்டி வந்த ஆங்கிலேயர், டச்சுக்காரர், டேனியர், அமெரிக்கர், பார்சிகள் ஆகிய அனைவரும் அந்நகரையே நாடவேண்டியதாயிற்று. ஆயினும் அவர்கள் நகருக்குள் புகுதல் இயலாது. மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில், பதின்மூன்று பண்டகசாலைகள் வரிசையாக நின்றன. கீழே சரக்கறை, மேலே உறைவிடம். முன்னே ஒரு சிறு திடல். இடையிடையே கடைகள் நிறைந்த இரண்டு மூன்று தெருக்கள். இவையே அவர்கட்கு உலகம்.

மனைவி மக்களை அழைத்து வருதல் கூடாது. 1830-இல் ஆங்கிலக் கும்பினியின் தலைவர் தம் மனைவியாரை அங்கே அழைத்து வந்தபோது, வாணிகத்தையே நிறுத்திவிடுவதாக அதிகாரிகள் எச்சரித்தனர். பல்லக்கில் ஏறுதல் கூடாது. வாணிகப் பருவம் முடிந்ததும் மக்காவுக்குப் போய்விடவேண்டும். திங்களில் 8, 18, 28 ஆகிய நாள்களில் மட்டும், பதின்மர்க்கு மிகாத சிறு குழுவாக, ஒரு மொழிபெயர்ப்பாளன் உடன்வர, ஆற்றின் அக்கரையிலுள்ள பூந்தோட்டங்களைக் கண்டு வரலாம். குறையேதும் இருப்பின் அதிகாரியிடம் நேரே சொல்லவும் வழியில்லை. அரசின் உரிமம் பெற்ற ஹாங் வணிகர் என்போர் வாயிலாகவே எழுதியனுப்ப வேண்டும். அயலார் செய்யும் பிழைக்கும் அந்த ஹாங் வணிகரே அரசுக்குப் பிணையாவர்.

இக்கட்டுப்பாடுகளுள் மிகக் கொடியது யாது? பெண்டிர் வரலாகாது என்பதா, நகர்க்குள் புகலாகாது என்பதா? அன்று. அயலார்க்குச் சீன மொழியைக் கற்பித்தலாகாது என்பதே அது. ஜேம்ஸ் பிளின்ட் என்னும் ஆங்கிலேயர் சீன மொழியைக் கற்றவர். அவர் 1759-இல் வடக்கே கப்பலிற் சென்று, குவாங்சௌ அதிகாரிகளின் கொடுமைகளைச் சீன மொழியில் எழுதிய முறையீடாகப் பேரரசர்க்கு எட்டச் செய்தார். அதன் விளைவாக அவர் மூன்றாண்டு மக்காவிற் காவலில் வைக்கப்பட்டார். அம்முறையீட்டை எழுத உதவிய சீனரோ கொலைத்தண்டம் பெற்றார். எழுதுகோல் பிடித்ததற்கு உயிரே விலையாயிற்று!

இந்நிலையில் மக்கள் எவ்வாறு உரையாடினர்? வாணிகம் ஊமையாய் நடவாதன்றோ? ஆங்கிலச் சொற்களைச் சீன மொழியின் போக்கில் அடுக்கிப் பேசும் ஒரு கலவைப் பேச்சு அங்கே பிறந்தது. அதைக் கற்பிக்கும் சிறு சுவடிகளும் மலிவான விலைக்கு விற்கப்பட்டன. கடைக்காரரும் பணியாளரும் அவற்றை வாங்கிப் படித்தனர். அப்பேச்சில் வழங்கிய சொற்கள் சில நமக்குப் புதியன அல்ல. வெள்ளி நாணயத்தைத் தட்டிப் பார்த்து மாற்று அறிபவனை அங்கே 'ஷிராப்' என்றனர். நம் நாட்டுச் 'சராப்பு' அவனே. சீன அதிகாரியைக் குறிக்கும் 'மாண்டரின்' என்னும் சொல், 'மந்திரி' என்பது மலாய் மொழியிற் புகுந்து, போர்ச்சுகீசியர் நாவில் திரிந்து உருவானது. சீனத்து அதிகாரியைச் சீனச் சொல்லால் அழைக்கக்கூட அயலார் அறிந்திலர் என்பது கருதத்தக்கது. உணவுப்பொருள் வாங்கித் தரும் தலைமைப் பணியாளனுக்கும் 'காம்பிரதோர்' என்னும் போர்ச்சுகீசியப் பெயரே வழங்கிற்று. வாங்குவோன் என்பது அதன் பொருள்.

விலை பேசுதற்கு இக்கலவைப் பேச்சுப் போதும். மனம் கலந்து பேசுதற்குப் போதாது. இது 1839-இல் வெளிப்பட்டது. அயல் வணிகர் பலர் சட்டத்தை மீறி அபினியைக் கொணர்ந்து சீன மக்களைக் கெடுத்துவந்தனர். அதனை ஒழிக்க வந்த லின் சேசூ என்னும் உயர் அதிகாரி, அபினி முழுவதையும் ஒப்படைக்குமாறு பணித்துப் பண்டகசாலைகளைச் சூழ்ந்து காவலிட்டார். சீனப் பணியாளர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அதுவரை அடுப்பு மூட்டி அறியாத செல்வர்கள் ஆறு வாரங்கள் தாமே சமைத்து, தாமே பெருக்கி வாழ்ந்தனர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டி அபினி ஒப்படைக்கப்பட்டது. பின்னர் மூண்ட போரும், 1842-இல் எழுந்த நாங்கிங் உடன்படிக்கையும் வரலாறு அறிந்தவை. சீனத்தின் மீது படைவலியால் சுமத்தப்பட்ட அவ்வுடன்படிக்கையால் பழைய கட்டுப்பாடுகள் நீங்கின.

இதற்கிடையில் மொழியை நாடியோர் இல்லாமற் போகவில்லை. 1807-இல் குவாங்சௌ வந்த இராபர்ட் மாரிசன் என்பவர் மறைவாகச் சீனம் பயின்றார். அவருக்குக் கற்பித்த ஆசிரியருள் ஒருவர், பிடிபட்டால் உண்பதற்கென நஞ்சைத் தம்முடன் வைத்திருந்தார் என்பர். அத்தகைய துணையால் உருவான சீன - ஆங்கிலப் பேரகராதி 1815 முதல் 1823 வரை மக்காவில் அச்சாயிற்று. 1844-இல் அமெரிக்கர் சீனத்துடன் செய்த உடன்படிக்கையில், சீன அறிஞரை ஆசிரியராக அமர்த்திக்கொள்ளலாம், நூல்களை வாங்கலாம், கற்பித்தவர்க்கு அதன்பொருட்டுத் தீங்கு நேரலாகாது என ஒரு விதி இடம்பெற்றது.

பதின்மூன்று பண்டகசாலைகள் 1856-இல் தீக்கிரையாயின. இன்று குவாங்சௌவில் 1957 முதல் நடந்துவரும் பெரிய வாணிகப் பொருட்காட்சிக்கு ஆண்டுக்கு இருமுறை பல நாட்டார் வருகின்றனர். விடுதியில் தங்காது வீட்டில் தங்கும் அயலார், வந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திற் பதிந்துகொள்ள வேண்டும். நகர்க்குள் எங்கும் செல்லலாம். பல்கலைக்கழகத்தில் அமர்ந்து சீனம் கற்கலாம். ஆனால் அங்கே கற்பது நாட்டின் பொதுமொழி. அதைக் கற்றுத் தேர்ந்து சந்தைக்குச் செல்பவர், கீரை விற்கும் மூதாட்டி காண்டன் மொழியில் விலை சொல்லக் கேட்டுத் திகைத்து நிற்பதுண்டு. வடக்கிலிருந்து வந்த சீனரும் அப்போது அவர் அருகில் திகைத்து நிற்பர்.