வாய்ப்புற்று எப்படிப் பரவுகிறது? – இம்மாதச் சுகாதாரப் பாடம்



மலைக்கு ஏறும்போது மடியில் வெற்றிலைப் பை இல்லாத அம்மாமார் நம் தோட்டங்களில் குறைவு. பசிக்கும் குளிருக்கும் அதுதான் துணை என்கிறோம். அந்த வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும் வாய்க்குள் என்ன செய்கின்றன என்பதை இம்மாதம் படிப்போம்.

இது எங்கோ உள்ள கதை இல்லை. நம் சப்ரகமுவ மாகாணத்தில் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 30 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1,000 பேரின் வாயைப் பார்த்தார்கள். பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய அடையாளங்கள் 100க்குச் சுமார் 11 பேரிடம் இருந்தன. அந்த அடையாளம் உள்ள எல்லாருக்கும் புற்றுநோய் வந்துவிடாது, சிலருக்கே வரும். ஆனால் அந்தச் சிலர் யார் என்பது வாயைக் காட்டினால்தான் தெரியும்.

கட்டிக்கும் தீனி வேண்டும்

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் இரத்தக்குழாய்தான் ஒட்சிசனும் உணவும் கொண்டுவருகிறது. புற்றுச் செல்லும் அப்படித்தான். அது கட்டுப்பாடில்லாமல் பெருகினாலும், பக்கத்தில் புதுக் குழாய் இல்லாவிட்டால் ஒன்று இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளர முடியாது. நடுவில் உள்ள செல்கள் மூச்சுத் திணறிச் சாகும்.

எம்பிலிப்பிட்டியப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு இது விளங்கும். உடவளவைத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால்தான் பயிர். வாய்க்கால் எட்டாத காணி காய்ந்துதான் போகும்.

கட்டி அனுப்பும் செய்தி

ஒட்சிசன் குறைந்ததும் கட்டியின் செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அதை ‘இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி’ என்கிறார்கள். அது கசிந்து போய் அருகிலுள்ள குழாயின் உட்சுவரைத் தொடுகிறது. “இந்தப் பக்கம் ஒரு கிளை விடு” என்று சொன்னதுபோல, குழாய் மொட்டுவிட்டுக் கட்டியை நோக்கி வளர்கிறது. வாய்க்காலைக் கட்டி வெட்டுவதில்லை. நம் உடம்பையே வெட்ட வைக்கிறது.

இந்தச் செய்தி புற்றுநோய்க்கு மட்டும் உரியதல்ல. கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் ஆறுவதற்கும், வயிற்றில் பிள்ளை வளர்வதற்கும் இதே செய்தி வேண்டும். காயம் ஆறியதும் உடம்பு செய்தியை நிறுத்திவிடும். கட்டி நிறுத்துவதே இல்லை.

பரவும் வழி

அவசரமாக முளைத்த குழாய்கள் ஒழுங்காக இருப்பதில்லை. வளைந்து நெளிந்து, சுவரில் இடைவெளி விட்டு, கசியும். தீனி உள்ளே வருகிற அதே இடைவெளி வழியாகப் புற்றுச் செல்களும் வெளியே போகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதம் நிணநீர்க் குழாய்களையும் வளரச் செய்கிறது. வாய்ப்புற்று பெரும்பாலும் இந்த வழியாகத்தான் முதலில் கழுத்துக்குப் போகிறது. கழுத்தில் வலியில்லாமல், கெட்டியாக ஒரு நெறி தட்டுப்படுவது இதனால்தான்.

இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. வாயின் மேல்தோலில் இரத்தக்குழாய் கிடையாது. குழாய்கள் அதற்குக் கீழேதான் ஓடுகின்றன. கெட்டுப்போன செல்கள் மேல்தோலோடு நிற்கும் வரை அவை வேறிடம் போக வழியில்லை. கீழே இறங்கிய பிறகுதான் ஆபத்து. வெள்ளைப் படலமாக இருக்கும்போதே காட்டினால் நமக்குக் கிடைப்பது இந்த அவகாசம்தான்.

கண்டுபிடித்தவர்கள்

கட்டி புதுக் குழாய்களை வரவழைத்தே வளர்கிறது என்ற கருத்தை அமெரிக்க வைத்தியர் யூடா ஃபோக்மன் 1971 இல் எழுதினார். பலர் அப்போது நம்பவில்லை. 1989 இல் நெப்போலியோனே ஃபெராரா என்ற ஆய்வாளரின் குழு அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தது. அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில புற்றுநோய்களில் அது ஆயுளைக் கூட்டுகிறது. ஆனால் முற்றாகக் குணப்படுத்தும் மருந்தல்ல. வாய்ப்புற்றுக்கு இன்றும் முக்கிய சிகிச்சை சத்திர சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையுமே. அவை நன்றாகப் பலிப்பது ஆரம்பத்தில்தான்.

லயத்தில் கேட்கும் பேச்சு

“வலிக்கவே இல்லையே, எதுக்கு ஆஸ்பத்திரி?” – ஆரம்பத்தில் வலிக்காது. வலி வரும் வரை காத்திருப்பது, கட்டிக்கு வாய்க்கால் வெட்ட நாள் கொடுப்பதுதான்.

“கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்க.” – சோதனைக்காகச் சிறு துண்டு சதை எடுப்பதால் நோய் பரவாது. பரவும் வழியைக் கட்டி தானே உண்டாக்குகிறது. பயந்து தள்ளிப்போட்டு, முற்றிய பிறகு போனவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்தது.

“நான் பொகையில போடுறதில்ல, பாக்கு மட்டுந்தான்.” – பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003 இல் முடிவு செய்தது.

“ஒரு நாள் பேர் போயிருமே!” – உண்மைதான், சம்பளம் போகும். ஆனால் முற்றிய பிறகு போனால் மாதக்கணக்கில் வேலை போகும்.

நாம் செய்ய வேண்டியது

மாதம் ஒரு தடவை வாயைக் கொப்பளித்துவிட்டு, வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். உதட்டின் உட்பக்கம், கன்னம், முரசு, நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, அண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். கழுத்தைத் தடவிப் பாருங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள்:

• துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு (சிவப்பு கூடுதல் கவனத்துக்குரியது)
• மூன்று வாரமாகியும் ஆறாத புண்
• உறைப்புப் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது குறைதல்
• கழுத்தில் நெறி

முதலில் தோட்ட வைத்தியரிடம் சொல்லுங்கள். பிறகு எம்பிலிப்பிட்டிய அல்லது இரத்தினபுரி அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவுக்குப் போங்கள். தேவையானால் அவர்களே மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். சிகிச்சை இலவசம்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005 இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 வீதம் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, கண்ணும் வெளிச்சமும்தான்.

இன்று மாலை வீட்டில் பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகளே. அம்மாச்சி “எனக்கு ஒன்னும் இல்லடா” என்பார். “சரி, வாயைத் திறங்க, பாத்துட்டுச் சொல்றேன்” என்று கேளுங்கள்.