புகை வெளியே போகணும்னா, காற்று உள்ளே வரணும்!



"சிம்னி வெச்ச அடுப்புதான் மேடம், ஆனாலும் புகை வீட்டுக்குள்ளதான் சுத்துது." மலைக்கிராமக் குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. மழைக்காலத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் இன்னும் அதிகம். கொத்தனாரைக் குறை சொல்கிறோம், விறகைக் குறை சொல்கிறோம். ஆனால் அந்த மாதங்களில் குளிருக்குப் பயந்து கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுகிறோமே, அதை யோசிப்பதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

காற்று ஏன் வேண்டும்?

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று திணறித்தான் வரும். இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். அடுப்பும் அப்படித்தான். 1 கிலோ காய்ந்த விறகு முழுசாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று தேவை. அடைத்த வீட்டில் அந்தக் காற்று எங்கிருந்து வரும்? வராதபோது புகைக்குழாய் இழுக்காது. புகை திரும்பி அடுப்பு வாய் வழியாக நம் முகத்துக்கே வரும்.

காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் கூடுதலாக உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். தூக்கத்திலேயே உயிர் போய்விடலாம். அடைத்த அறையில் கரி அடுப்பைக் கணப்புக்கு வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது என்பது இதனால்தான்.

2020-ஆம் ஆண்டில் வீட்டுக்குள் இருக்கும் புகையால் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதில் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் மட்டும் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல். அடுப்படியில் நாம் இருக்கும்போது இடுப்பில் இருக்கும் பிள்ளையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது. கேஸ் இருக்கும் வீட்டிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்பு எரிகிறதே!

காற்று வழி அமைக்கும் முறை

1. அடுப்பை வெளிச்சுவரை ஒட்டிப் போடுங்கள். அப்போதுதான் வெளிக்காற்றை எளிதாகக் கொண்டுவர முடியும்.

2. சாதாரண மண் அடுப்பு, கொடி அடுப்பு என்றால் விறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாயை மூட முடியாது. அதற்கு அடுப்பு வாய்க்குப் பக்கத்தில், சுவரின் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளை விட்டாலே போதும்.

3. அடியில் கம்பித் தட்டும், விறகு வாய்க்குத் தகரக் கதவும் உள்ள அடுப்பு என்றால், சுவர் வழியாக ஒரு குழாயைக் கொண்டுவந்து கம்பித் தட்டின் அடியில் விடுங்கள். சுட்ட மண் குழாய் அல்லது இரும்புக் குழாய் நல்லது. பிவிசி குழாய் சூட்டில் உருகும், வேண்டாம்.

4. காற்று வழி, புகைக்குழாயின் வாயைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. புகைக்குழாய் 4 அங்குலம் என்றால் இதுவும் 4 அங்குலம்.

5. குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்து இருக்கட்டும், மழைத்தண்ணீர் உள்ளே வராது. எலி, பாம்பு நுழையாமல் வெளிவாயில் கம்பி வலை கட்டுங்கள். காய்ந்த இலை, நூலாம்படை அடைக்காமல் வாரம் ஒருமுறை பாருங்கள்.

6. புகைக்குழாய் கூரை முகட்டைவிடக் குறைந்தது 2 அடி உயர்ந்து நிற்கணும். வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஓலை, மரம் உள்ள கூரையில் குழாய் படாமல் இடைவெளி விட்டுத் தகரம் வைக்கணும்.

ஒரு சின்னப் பரிசோதனை

அடுப்பு நன்றாக எரியும்போது கதவு, சன்னலைச் சாத்துங்கள். அடுப்பு வாயருகில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். அதன் புகை அடுப்புக்குள் போனால் இழுப்பு சரி. வெளியே வந்தால் உடனே சன்னலைத் திறங்கள். திறந்த பிறகு புகை உள்ளே போகத் தொடங்கினால், குறை காற்று வரும் வழியில் இருக்கிறது. திறந்தும் சரியாகவில்லை என்றால் புகைக்குழாயில் கரி அடைத்திருக்கலாம், அல்லது உயரம் போதாமல் இருக்கலாம்.

காற்றுக்குழாய் வைத்தாச்சு, இனி சன்னலே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். சமைக்கும்போது சன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கணும். கணப்பு நன்றாக அணைந்த பிறகே படுக்கணும்.

பராமரிப்பு நம் கையில்

மத்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983-இல் தொடங்கி 2002 வரை நடந்தது. லட்சக்கணக்கான அடுப்புகள் போட்டார்கள். பராமரிப்பு இல்லாமல் பல அடுப்புகள் சில வருடங்களிலேயே கைவிடப்பட்டன. அடுப்புப் போடுவது ஒரு நாள் வேலை, பார்த்துக்கொள்வது மாதாமாதம் வேலை. மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறிய பிறகு, நீளக் குச்சியில் துணி கட்டிப் புகைக்குழாயின் கரியைத் தட்டி எடுங்கள்.

குழுவில் பேசுங்கள்

• நம் குழுவில் எத்தனை வீட்டில் அடுப்படிக்குக் காற்று வரும் வழி இருக்கிறது?
• ஊதுபத்திப் பரிசோதனையில் எந்த வீட்டில் புகை திரும்பி வந்தது?
• முதலில் யார் வீட்டு அடுப்பைச் சரிசெய்யலாம்? கைக்குழந்தை, கர்ப்பிணி, இருமல் உள்ள பெரியவர் இருக்கும் வீட்டுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் எத்தனை வீட்டில் வேலை முடிந்தது என்று பார்ப்போம்.